படம் கேட்காத காசு



கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிற எங்கட ஆக்களின் திட்டத்தில் நல்லூர்த் திருவிழாவோடு இப்ப இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: மாதம் மாதம் காசு அனுப்பிப் படிப்பிக்கிற வன்னிப் பிள்ளையை வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வருவது. காசை அனுப்புங்கோ, அந்தப் பார்வையிடலை விடுங்கோ. இதுதான் நான் சொல்ல வருவது.

போன வருடம் உறவுக்கார அன்ரி ஒருவரோடு கிளிநொச்சிப் பக்கம் அப்படியொரு வீட்டுக்குப் போனேன். நாங்கள் வருகிறோம் என்று அந்த அம்மா அன்றைக்குக் கூலி வேலைக்குப் போகவில்லை. கதிரைகள் பக்கத்து வீட்டில் இரவல். சோடாவும் பிஸ்கற்றும் கடையில் கடன். பத்து வயதுப் பிள்ளை தேர்ச்சி அறிக்கையைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தாள். கணிதத்தில் ஏன் புள்ளி குறைந்தது என்று அன்ரி அன்பாகத்தான் கேட்டார். அவள் தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு எல்லாரும் சேர்ந்து படம் எடுத்தார்கள்.

அன்ரி நல்ல மனுசி. உதவி எடுக்கிறவர் தன் தகுதியைக் காட்டிக்கொண்டே இருக்கவேணும் என்கிற ஏற்பாடுதான் பிழை.

டென்மார்க்கில் பிறந்த நானும் முன்பின் தெரியாதவர்களின் காசில் வளர்ந்தவள்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அம்மாவின் கணக்கில் 'பேர்னசெக்' விழும். பள்ளிக்கூடமும் பல் வைத்தியமும் இலவசம். யூலாந்தில் வரி கட்டிய எந்தப் பண்ணைக்காரரும் என் ரிப்போட்டைப் பார்க்க வரவில்லை. நான் யாருக்கும் நன்றிக் கடிதம் எழுதவில்லை. அதைத் தர்மம் என்று யாரும் சொல்வதில்லை, உரிமை என்கிறோம்.

இந்த நாட்டில் எங்கட ஆக்களுக்கு உரிமையின் பெறுமதி நல்லாகவே தெரியும். 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகள் தங்கட குடும்பங்களை இங்கே அழைக்கக் கொடுத்த விண்ணப்பங்களைச் சட்டவிரோதமாகக் கிடப்பில் போடவைத்தார். அந்த விவகாரத்தால் 1993இல் ஷ்லூட்டர் அரசே பதவி விலகியது. 1995இல் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. இரக்கத்தை மறுத்த அமைச்சரை எந்த நீதிமன்றமும் தண்டிக்காது. சட்டம் இருந்ததால்தான் கேட்க முடிந்தது.

இரக்கத்தில் தொங்குகிற உதவி எவ்வளவு இலேசாக அறும் என்பதற்கு இந்தியா சாட்சி. கம்பாஷன் இன்டர்நேஷனல் நடத்தும் பிள்ளை ஆதரவுத் திட்டத்தை ஆறு நாடுகளில் ஆராய்ந்து, அதில் சேர்ந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட ஒரு வருடத்துக்கும் கூடுதலாகப் படித்தார்கள் என்று 2013இல் ஒரு ஆய்வு காட்டியது. ஆகவே காசு வேலை செய்யும். ஆனால் இந்திய அரசு அந்த வெளிநாட்டுப் பணத்துக்குக் கதவை அடைத்ததும் 2017 மார்ச்சில் அமைப்பு வெளியேறியது. ஏறத்தாழ 1,45,000 பிள்ளைகளுக்கு உதவி நின்றது. அந்தப் பிள்ளைகள் யாரிடம் போய் வழக்குப் போடுவது?

'காசு போய்ச் சேருதா எண்டு பார்க்க வேண்டாமோ?' என்று பெரியாக்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் கணக்கறிக்கையில் இருக்கவேணும். பிள்ளையின் முகத்தில் தேடக்கூடாது. ஒரு வகுப்பில் ஒரு பிள்ளையை மட்டும் தெரிந்தெடுக்காமல் மாலை வகுப்புக்கும் பள்ளி நூலகத்துக்கும் கொடுங்கோ. ஊரில் இயங்கும் சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கத்தோடு பேசுங்கோ. கணக்கை அவர்களிடம் தாராளமாகக் கேளுங்கோ.

இன்னொன்று. இப்படியான உதவிப் படிவங்களில் 'தந்தை இல்லை' என்று ஒரு வரி வரும். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் போராட்டம் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள், படங்களை ஏந்தி 'எங்கே?' என்று கேட்கிறார்கள். 'இல்லை' என்று எழுதிவிட்டால் யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. 'எங்கே' என்று கேட்டால் ஒரு அரசு பதில் சொல்லவேணும்.

இந்த யூலையில் போகிறவர்கள், அந்தப் பிள்ளையின் வீட்டில் செலவழிக்க நினைத்த ஒரு மணித்தியாலத்தை அந்த அம்மாமாரோடு போய் இருங்கோ. அவர்கள் சொல்வதைக் கேட்டு, திரும்பி வந்து இங்கே உங்கட பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கோ.