இரவல் கதையும் சொந்தக் கேள்வியும்

"எல்லோருக்கும் தெரிந்த கதைதானே, இதில் நீங்கள் எழுதியது என்ன?" போட்டிக்குப் பழைய கதையொன்றை நாடகமாக்கினால் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. பழைய கதையை எடுப்பதில் குற்றமில்லை என்பதே என் கருத்து. ஆனால், எடுத்த கதையிடம் நாடகாசிரியர் புதிதாக ஒன்றைக் கேட்டிருக்க வேண்டும்.

ஆதர் புரூக் 1562இல் வெளியிட்ட நெடுங்கவிதையில் ரோமியோ, ஜூலியற் கதை மாதக்கணக்கில் நீள்கிறது. ஷேக்ஸ்பியர் அதைச் சில நாட்களுக்குள் அடக்கினார். அந்த அவசரமே நம்மைப் பதறவைக்கிறது.

நம் நாட்டில் எதிரிவீர சரச்சந்திர 1956இல் 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். மூலமான ஜாதகக் கதையில் கணவனைக் கொல்ல எதிரியிடம் வாளைக் கொடுக்கும் இளவரசி துரோகி. சரச்சந்திரவின் இளவரசியோ எதிரிக்காகப் பரிந்து பேசித் தடுமாறுகிறாள். குற்றம் யாருடையது என்று பார்ப்பவர்களே யோசிக்க வேண்டியிருக்கிறது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தயாரிக்க, சி. மௌனகுரு எழுதிய 'இராவணேசன்' கூத்தில் இராவணன் வெறும் அரக்கனாக நிற்கவில்லை. அவலத் தலைவனாக உயர்ந்தான்.

காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரன் கதையில் மயான காண்டத்தைத் தேர்ந்தெடுத்தார். கதை தெரிந்திருந்தும் சனங்கள் விடிய விடிய இருந்து அழுதார்கள்.

"எங்கள் பிள்ளைகளுக்கு வேற்று மதக் கதை எதற்கு?" என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. நபிமாரை வேடமிட்டுக் காட்டுவது நம் மார்க்கத்துக்கு ஒவ்வாது. ஆகவே எல்லாக் கதையையும் நாம் மேடைக்கு எடுக்க முடியாது. ஆனால், ஒரு கதையின் துயரத்தை எடுத்துக்கொள்வதற்காக அதன் வழிபாட்டையும் எடுக்க வேண்டியதில்லை.

உம்மம்மாவிடம் அரிச்சந்திரன் கதையைச் சொன்னேன். எல்லாம் இழந்து மனைவி, பிள்ளையோடு அவன் நாட்டைவிட்டு நடக்கும் இடத்தில் அவர், "நாங்களும் உடுத்த உடுப்போடதான் போனோம்" என்றார். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் அவரும் ஒருவர். புராணக் கதை ஒன்று அவருடைய கதைக்கு வாசல் திறந்துவிட்டது.

நான் அந்தக் கதையை இரவல் வாங்கினால் முடிவை மட்டும் மாற்றுவேன். மூலக்கதையில் அரிச்சந்திரனுக்கு நாடு, மனைவி, மகன் எல்லாம் திரும்பக் கிடைக்கின்றன. என் நாடகத்தில் அவன் திரும்பி வருவான். வீட்டுக்குக் கூரையும் கதவும் இருக்காது. அயலவர் ஒருவர் படலைக்கு வெளியே நின்று, "வந்திட்டீங்களா?" என்று கேட்பார்.

அரிச்சந்திரன் என்ன பதில் சொல்லுவான்? அதை எழுதும்போது அந்தக் கதை இரவலாக இராது.