பொறிக்கு ஏரணம் எம்மொழியில்?

கணிப்பொறிக்கு ஆணையிடும் நிரலை மாந்தனே எழுதிய காலம் போய், மாந்தன் சொல்லக் கேட்டுப் பொறியே நிரல் எழுதும் காலம் வந்திருக்கின்றது. அதனைச் செய்வது மொழிப்படிமம். அடுத்து வருஞ்சொல் யாதெனக் கணித்துக் கணித்தே அது எழுதுகின்றது. அதற்கு அறிவெனப் பெயரிடலாமா என்பதே ஆய்வுலகில் நிகழும் வழக்கு.

2021-இல் ஓப்பன்ஏஐ நிறுவனத்தார் கோடெக்சு என்னும் படிமத்தை 164 நிரல் வினாக்களால் ஆய்ந்தனர். வினாவுக்கு ஒரே விடை எழுதச் செய்தபோது தேறியவை 28.8 விழுக்காடு, நூறு விடை எழுதவிட்டபோது 70.2 விழுக்காடு. நூறு முறை எழுதித் தேறும் மாணவனை எந்த ஆசிரியரும் மெச்சார்! ஆயினும் நிரலை ஓட்டிப் பார்த்தால் பிழை உடனே வெளிப்பட்டுவிடும். பொறியின் பசப்பு அங்குச் செல்லாது.

சொல்லால் நிகழும் ஏரணத்துக்கோ அத்தகைய நடுவர் இல்லை. விடையோடு வழியையும் படிப்படியாக எழுதச் செய்தால் பெரும்படிமங்கள் கணக்கில் மேம்படுகின்றன என 2022-இல் கூகுள் ஆய்வாளர் காட்டினர். ஆனால் 2024-இல் ஆப்பிள் ஆய்வாளர் கணக்கில் பொருந்தாச் செய்தி ஒன்றைச் செருகிப் பார்த்தனர். வெள்ளியன்று 44 கிவிப்பழம், காரியன்று 58, ஞாயிறன்று வெள்ளியினும் இருமடங்கு. ஞாயிற்றுப் பழங்களுள் ஐந்து சற்றுச் சிறியவை. மொத்தம் எத்தனை? 190 என்பது சிறுவனும் அறிவான். சில படிமங்களோ ஐந்தைக் கழித்து 185 என்றன! சிறிய பழம் பழமாகாதோ?

தமிழர் கருதவேண்டுவது பிறிதொன்று. பொறியின் ஏரணம் ஆங்கிலத்துக்கு அப்பாலும் நிற்குமா எனக் காண, 2022-இல் 250 கணக்குகளை வேறு பத்து மொழிகளில் பெயர்த்து ஆய்ந்தனர். தெலுங்கும் வங்கமும் சுவாகிலியும் அப்பத்தில் உள, தமிழ் இல்லை. வழியை ஆங்கிலத்தில் எழுதச் செய்தபோது பெரும்படிமத்தின் தேர்ச்சி பொதுவில் சற்று உயர்ந்தது. இதுகொண்டு ஏரணம் ஆங்கிலத்தின் உடைமை என்பது பேதைமை. பொறி பயின்ற எழுத்தில் பெரும்பகுதி ஆங்கிலம். பயின்ற மொழியில் தெளிவு மிகும், அவ்வளவே. தொல்காப்பியம் முப்பத்திரண்டு உத்தி வகுத்த மொழிக்கு, அளவைக்கெனவே மணிமேகலையில் ஒரு காதை கண்ட மொழிக்கு, கணக்கதிகாரம் தந்த மொழிக்கு, ஏரணம் புதிதன்று.

எழுத்தின் சுமையும் ஒன்றுண்டு. யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு. தமிழிலோ எழுத்தும் அதன்மேல் ஏறும் குறியும் தனித்தனியே மூன்று. 'அறிவு' என்னும் மூன்றெழுத்துச் சொல் 15 பைட்டு கொள்கின்றது. சொல்லைத் துண்டாக்கும் முறை தமிழைக் கருதாது அமைந்தவிடத்துத் தமிழ்ச்சொல் துகளாகின்றது, செலவும் பெருகுகின்றது.

ஆய்வாளரைப் பழித்துப் பயனில்லை. வாளா இருந்தோர் தமிழரே. பின்னாளில் ஆங்கிலக் கணக்குகளைத் தமிழில் பெயர்த்தோர் உளர். ஆயினும் கிவிப்பழத்தைப் பெயர்ப்பது வேறு. மரக்காலும் படியும் களத்துக் கூலியும் வாய்க்கால் பங்கும் கொண்டு தமிழிலேயே கணக்குப் பிறப்பது வேறு. அத்தகைய கணக்கு இருநூற்றைம்பதை வழியும் விடையுமாக எழுதிப் பொதுவில் வைப்பதற்கு அரசாணை வேண்டா, பொருட்குவையும் வேண்டா. கணக்காசிரியர் ஐவரும் தமிழாசிரியர் இருவரும் ஒரு கோடை விடுமுறைக்குள் முடிக்கத்தக்க பணி அது.