மூன்றெழுத்து 'செட்'

மாலையில் கடற்கரையில் உட்காரும் பென்ஷன்காரர்களில் சிலர் இன்னும் வாதாடுகிறார்கள்: "ஆங்கிலம்தான் துல்லியம். அரசாணைக்கும் தீர்ப்புக்கும் தமிழ் சரிப்படாது." அவர்களுக்கு நான் காட்டும் சாட்சி ஒரு சின்னச் சொல், 'செட்'.

சூரியன் மறைந்தாலும் செட், சிமெண்ட் இறுகினாலும் செட், முறிந்த எலும்பைச் சேர்த்தாலும் செட். பின்னால் 'ஆஃப்' ஒட்டிக்கொண்டால் கிளம்புவது, வெடிக்க வைப்பது, கணக்கில் நேர்செய்வது, எல்லாம் அதுவே. 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு இந்தச் சொல்லுக்குத்தான்.

நான் பிரெஞ்சில் படித்தவன். ஆங்கிலத்தைக் கோப்புகளில்தான் கற்றேன். 1970களில் ஒரு கடைநிலை ஊழியரின் பணிநீக்க வழக்கில் தீர்ப்பு வந்தது. பணிநீக்க ஆணை 'செட் அசைட்' என்றிருந்தது. பிரெஞ்சில் 'மெத்ர் த கொத்தே' என்றால் பிறகு பார்க்க ஒதுக்கி வைப்பது. இதுவும் அதுதான் என்று நினைத்து, மறு உத்தரவு வரட்டும் எனக் கோப்பைக் கட்டி அடித்தட்டில் வைத்துவிட்டேன்.

அந்த மனிதர் வாரம் தவறாமல் வந்து வாசலில் நிற்பார். "ஏதாவது வந்துச்சா சார்?" "இன்னும் வரலப்பா." மூன்று மாதம் கழித்துக் கண்காணிப்பாளர் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ஒதுக்கி வைக்கலைய்யா, ரத்து பண்ணியிருக்காங்க!"

வேலையும் சம்பள பாக்கியும் கிடைத்தன. அதற்குள் அவர் மனைவியின் தாலி அடகுக்கடைக்குப் போயிருந்தது. தப்பு என்னுடையது, மறுக்கவில்லை. ஆனால் அதே தீர்ப்பின் நகல் அவர் சட்டைப் பையிலும் இருந்தது. 'ரத்து' என்று தமிழில் இருந்திருந்தால் முதல் நாளே என் மேசைமேல் விரித்து வைத்துக் கேட்டிருப்பார்.

தமிழில் 'படி'க்குப் பல பொருள் இல்லையா என்பார்கள். உண்டு. ஆனால் பஞ்சப்படியையும் வாசற்படியையும் எந்தத் தமிழனும் குழப்பிக்கொள்ள மாட்டான். சொல்லுக்குப் பல பொருள் இருப்பது குற்றமில்லை. வாங்குகிறவனுக்குத் தெரியாத மொழியில் அவன் தலையெழுத்தை எழுதிக் கொடுப்பதுதான் குற்றம்.

புதுச்சேரிக்கு ஆட்சிமொழிச் சட்டம் வந்தது 1965இல். நான் வேலைக்குச் சேர்ந்தது அதற்குப் பிறகு. ஓய்வு பெற்றும் ஆண்டுகள் ஆகிவிட்டன. வீட்டுக்கு வரும் அரசுக் கடிதத்தைப் படித்துச் சொல்லச் சொல்லி, தெருவில் உள்ளவர்கள் இன்றும் என்னிடம்தான் வருகிறார்கள்.