குட்டியானைக்குத் தீனி

எங்கள் பெண்ணாடத்துச் சிவன் கோயிலுக்குத் திருத்தூங்கானை மாடம் என்று பெயர். விமானம், படுத்துத் தூங்கும் யானையின் முதுகைப் போல இருப்பதால் வந்த பெயர். மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு வாசலிலும் ஒரு யானை வந்து நின்றது. கோயில் யானைக்குத் தீனி வேண்டாம். எங்கள் யானைக்கு வேண்டியிருந்தது, சகோதரிகளே!

வேறொன்றுமில்லை, பழைய மினி லாரிதான். 2005-ல் டாடா ஏஸ் வந்ததிலிருந்து இந்த மாதிரிச் சின்ன வண்டிகளைக் குட்டியானை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கம்பெனி எதுவானாலும் பெயர் அதுதான். என் வீட்டுக்காரர் அதுவரை சம்பளத்துக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். "இன்னும் எத்தனை நாளைக்கு அடுத்தவன் வண்டியை ஓட்டுறது? ஒன்பது வயசு வண்டி ஒண்ணு ஒண்ணரை லட்சத்துக்கு வருது" என்றார். என் வளையல் நாலும் பாங்கிக்குப் போயின. புதுப் பெயின்டில் பளபளவென்று வந்து நின்ற வண்டிக்குத் தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளப்பினோம்.

மாமியார் மட்டும், "யானையை வாங்கிட்டீங்க, அங்குசத்துக்குக் காசு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கேள்வி நியாயமானது என்பது அந்தக் கோடையிலேயே தெரிந்துவிட்டது.

பண்ருட்டியில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு வரும்போது, வடலூர் தாண்டி வண்டி கொதித்து நின்றுவிட்டது. ராத்திரி பதினோரு மணி. ரேடியேட்டர் அடைத்து, இன்ஜின் சூடேறி, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. கட்டி இழுத்து வந்த கூலி, ரிப்பேர், பழ வியாபாரிக்குக் கொடுத்த நஷ்டம் எல்லாம் சேர்த்து இருபத்திரண்டாயிரம். பெண்ணின் காலேஜ் பீஸுக்காக எடுத்து வைத்திருந்த பணம் அது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மெக்கானிக் தம்பி ரேடியேட்டரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு. வெந்நீர் அண்டாவின் அடியில் படியுமே, அதேதான். "கூலன்ட் ஊத்தாம வெறும் போர் தண்ணியிலேயே ஓட்டியிருக்காங்க அக்கா" என்றார். முன்பு வைத்திருந்தவர் கவனிக்கவில்லை. வாங்கும்போது நாங்களும் பெயின்டைத்தான் பார்த்தோமே தவிர, உள்ளே பார்க்கவில்லை.

பழைய வண்டி வாங்கும் யோசனை உங்கள் வீட்டிலும் இருந்தால், அவரோடு நீங்களும் போய்ப் பாருங்கள். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போதே போங்கள். முன்கூட்டியே சூடு பண்ணி வைத்திருந்தால், குளிர்ந்த இன்ஜின் கிளம்ப மறுக்கிறதோ என்று சந்தேகப்படலாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளே பால் விட்ட காபி நிறத்தில் இருக்கக்கூடாது. இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். இன்ஜின் இரைகிறது, வண்டி நகரவில்லை என்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. வண்டிக்குப் பின்னால் தள்ளி நின்று பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பட்டை ஒடிந்திருக்கும், இல்லை தளர்ந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. கொதிக்கும் வண்டியின் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. ஆவி அடங்காத குக்கரைத் திறப்பது போலத்தான். முகமும் கையும் வெந்துவிடும். அரை மணிக்கு மேல் ஆற விட வேண்டும்.

அடுத்தது காகிதங்கள். ஆர்.சி.யில் பைனான்ஸ் கடன் பாக்கி இருந்தால், அது தீர்ந்ததாக எழுதி வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். பெயர் மாற்ற வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம். இன்சூரன்ஸை மாற்றிக்கொள்ள 14 நாள்தான். "அப்புறம் பாத்துக்கலாம்" என்பது ஆகாது. பெயர் மாற்றாத வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாளைக்கு நாம் விற்கும்போதும் இது ஞாபகம் இருக்கட்டும். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இனி என் நோட்டுக் கணக்கு. டீசலும் பாங்கி வட்டியும் தனி. அவை போக எங்கள் வண்டி போன வருஷம் சாப்பிட்டது இது: இன்சூரன்ஸ் 17,000; எஃப்.சி.க்காக டிங்கரிங், பெயின்ட், கட்டணம் 13,000. டயர் இரண்டு 7,000. ஆயில், ஃபில்டர் 6,000. கிளட்ச், பிரேக், பட்டை, பேட்டரி 17,000. மொத்தம் 60,000 ரூபாய். மாசத்துக்கு 5,000. மாசம் 25 நாள் ஓடினால் நாளைக்கு 200.

அந்த 200-ஐ அன்றன்றே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவிடுவேன். முதலில் அவர் முகம் சுளித்தார். "கைக்கு வந்த வாடகையில கை வைக்கிறியே!" என்றார். "ஏங்க, இது நம்ம காசு இல்ல, வண்டியோட காசு" என்றேன். போன ஆவணியில் கிளட்ச் போனபோது பாட்டிலைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். அன்றிலிருந்து அவரே போட்டுவிடுகிறார்.

அதிக பாரமும் ஏற்றுவதில்லை. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்று தெரியும். முக்கால் டன் வண்டி என்றால் 50 கிலோ சிமென்ட் மூட்டை பதினைந்துதான். இருபத்தைந்து ஏற்றினால் அன்றைக்கு லாபம். அப்புறம் பட்டை, டயர், பிரேக் என்று அது வட்டியோடு திரும்பிப் போய்விடும்.

இரண்டு வளையல் மீண்டுவிட்டது. இரண்டு இன்னும் பாங்கியில்தான். மாமியாரிடம், "அங்குசம் வாங்கியாச்சு அத்தே" என்று பாட்டிலைக் காட்டினேன். "மூடியை இறுக்கமா மூடி வை" என்றார்.