கையெழுத்திடும் முன் வாசிக்க வேண்டிய சட்டம்



அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகளின் எதிர்காலம் குறித்துப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு சொற்களே முதலில் வந்து நிற்கின்றன. ஒன்று மருத்துவம், மற்றொன்று பொறியியல். பொறியியல் பயின்று, கணினித் துறையில் இருபத்தைந்து ஆண்டுகளாக உழைத்துவரும் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது எங்கள் குடும்பத்தில் நேர்ந்த ஒரு நிகழ்வு.

என் அண்ணன் மகன் மருத்துவன். பயிற்சிக் காலம் முடிந்தவுடன் ஒரு மருத்துவக் குழுமம் அவனுக்கு வேலை தர முன்வந்தது. முப்பது பக்க ஒப்பந்தத்தை எனக்கு அனுப்பி, "சித்தப்பா, ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்றான். ஊதியத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு, "நல்ல இடம், கையெழுத்துப் போட்டுவிடு" என்றேன். மூன்றாண்டுகள் கழித்து அவன் விலக விரும்பியபோதுதான் இரண்டு விதிகள் கண்ணில் பட்டன. விலகிய பின் இரண்டாண்டுகளுக்கு அச்சுற்றுவட்டாரத்தில் அவன் மருத்துவம் பார்க்கக் கூடாது. அங்குப் பணியாற்றிய காலத்துச் சிகிச்சை குறித்துப் பின்னாளில் வழக்கு வந்தால் அதற்கான 'டெயில்' காப்பீட்டையும் தன் சொந்தப் பணத்தில் அவனே வாங்க வேண்டும். சேமிப்பைக் கரைத்துவிட்டு, மனைவி குழந்தையுடன் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தான். என்னை அவன் ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே எனக்குப் பெரும் பாரமாக இருக்கிறது.

சட்டம் என்றவுடன் நம் மனக்கண்ணில் நீதிமன்றமும் வாதப் பிரதிவாதங்களும் தோன்றுகின்றன. ஆனால் மருத்துவத் துறைச் சட்டத்தில் பணியாற்றுவோர் பலர் நீதிமன்றம் செல்வதே அரிது. மருத்துவர் நியமனம், மருத்துவமனைகளின் இணைப்பு, கட்டட வாடகை, கருவிக் குத்தகை ஆகியவற்றுக்கான ஒப்பந்தங்களை எழுதுவது அவர்கள் பணியின் ஒரு பாதி. அவ்வொப்பந்தங்கள் அரசின் விதிகளுக்கு உட்பட்டவையா என ஆராய்வது மறு பாதி.

அவ்விதிகள் எளியவை அல்ல. நோயாளிகளை அனுப்பி வைப்பதற்குக் கைம்மாறு தருவதையும் பெறுவதையும் குற்றமாக்கும் சட்டம் 1972-ஆம் ஆண்டிலிருந்து உள்ளது. 1989-இல் வந்த ஸ்டார்க் சட்டம், மருத்துவர் தமக்குப் பணத் தொடர்புள்ள இடத்திற்கு மெடிகேர் நோயாளிகளைக் குறிப்பிட்ட சில சேவைகளுக்காக அனுப்புவதைத் தடுக்கிறது. விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அவற்றுள் அடங்காவிடில், தீய நோக்கம் இல்லை என்று கூறித் தப்ப இயலாது. கணினித் துறையினராகிய நாம் அறிந்த ஹிப்பா சட்டம் 1996-இல் வந்தது. உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1863-இல், அரசை ஏமாற்றிய ஒப்பந்தக்காரர்களைத் தண்டிக்க இயற்றப்பட்ட பொய்க் கோரிக்கைச் சட்டமும் இன்று மருத்துவமனைகள் மீது பாய்கிறது.

இதற்குத் தென் கரோலினா மாநிலத்தின் சம்டர் நகரிலிருந்த டூமி மருத்துவமனையின் கதை தக்க சான்று. அந்நிர்வாகம் 19 மருத்துவர்களுடன் பகுதிநேரப் பணிக்குப் பத்தாண்டு ஒப்பந்தங்கள் செய்தது. கையெழுத்திட மறுத்த மருத்துவர் ஒருவர், ஊதிய ஏற்பாடு சட்டத்திற்கு முரணானது என ஐயுற்றார். 2005-இல் இரு தரப்பும் சேர்ந்து கலந்தாலோசித்த வழக்கறிஞரும் அவ்வாறே எச்சரித்தார். நிர்வாகமோ அவ்வறிவுரையை ஒதுக்கித் தள்ளியது. அம்மருத்துவர் வழக்குத் தொடுத்தார். முடிவில் மருத்துவமனைக்கு எதிராக 23.7 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகைக்குத் தீர்ப்பாயிற்று. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. அவ்வாண்டே 7.24 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டு, வேறொரு மருத்துவமனைக் குழுமத்துடன் டூமி இணைய நேர்ந்தது. அவ்வெச்சரிக்கைக்குச் செவிசாய்த்திருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது.

சென்ற ஆண்டு என் மகள் இத்துறைச் சட்டத்தையே படிக்கப்போவதாகக் கூறியபோது, "ஏனம்மா, மருத்துவமே படிக்கலாமே?" என்று கேட்டேன். "அப்பா, அண்ணனுக்கு அன்று தேவைப்பட்டது இன்னொரு மருத்துவரா?" என்று திருப்பிக் கேட்டாள். என்னிடம் விடை இல்லை.

இன்று அவள் பயிலும் மாலை வகுப்பை நடத்துபவர், பகலில் மருத்துவமனைகளுக்காக ஒப்பந்தம் எழுதும் வழக்கறிஞர். ஒருநாள் ஒரு மாதிரி வாடகை ஒப்பந்தத்தைத் தந்து, அதிலுள்ள பிழையைக் கண்டறியச் சொன்னாராம். மருத்துவமனை தன் கட்டடத்தில் ஒரு மருத்துவருக்குக் குறைந்த வாடகையில் இடம் தருகிறது. மாணவர்கள் அதனை நல்லெண்ணம் என்றனர். அக்குறைந்த வாடகையே நோயாளிகளை அனுப்புவதற்கான கைம்மாறாகலாம் என்று ஆசிரியர் விளக்கினாராம். எழுத்து வடிவம், இரு தரப்புக் கையொப்பம், குறைந்தது ஓராண்டுக் காலம், சந்தை மதிப்புக்கு ஏற்ற வாடகை ஆகியவை அங்கு இன்றியமையாதவை. தொழிலில் இருப்பவரே கற்பிக்கும்போதுதான் இத்தகைய நுட்பங்கள் மாணவருக்குக் கிட்டுகின்றன. இத்துறையில் தொழில் புரிவதைப் போலவே கற்பிப்பதும் ஒரு தொண்டு என்பதில் ஐயமில்லை.

இளைய நண்பர்களே! எந்தப் பாடத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றிருப்பினும் சட்டக் கல்லூரியில் சேரலாம். மூன்றாண்டுப் படிப்பு, அதன்பின் மாநில வழக்கறிஞர் தேர்வு. செயிண்ட் லூயிஸ், சீட்டன் ஹால் போன்ற பல்கலைக்கழகங்களின் சட்டக் கல்லூரிகளில் இத்துறைக்கெனத் தனி மையங்களே உள்ளன. செலவு மிகுதி, கடன் சுமையும் உண்டு. ஆகவே நன்கு ஆராய்ந்து முடிவெடுங்கள். உயிரியலோ கணினியியலோ பயின்றவருக்கு அவ்வறிவு இங்கு வீணாகாது.

பெற்றோர்களே! பிள்ளை சட்டம் படிக்க விரும்பினால் முகம் சுளிக்காதீர்கள். நம் தமிழ்ச் சங்கங்களும் ஆண்டுவிழாவில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, நம்மிடையே உள்ள வழக்கறிஞர்களைக் கொண்டு இளம் மருத்துவர்களுக்கு வேலை ஒப்பந்தங்களை விளக்கச் செய்யலாம். ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு அடுத்து ஒரு பிள்ளை நம்மிடம் வரும்போது, ஊதியத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பித் தராதிருப்போம்.