பில்லைப் படிப்பது கௌரவக் குறைவா?

மும்பையில் கேட்வே ஆப் இந்தியாவுக்கு எதிரே, 1903ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்ட தாஜ் மகால் விடுதி நிற்கிறது. அங்குள்ள 'சீ லவுஞ்ச்' உணவகத்தில் சன்னலோரம் அமர்ந்து, துறைமுகத்துப் படகுகளைப் பார்த்தபடி மாலைத் தேநீர் அருந்த வேண்டும் என்பது பல குடும்பங்களின் நெடுநாள் ஆசை. திருமண நாள், மகளின் முதல் சம்பளம், பெற்றோரின் மணிவிழா என்று ஏதேனும் ஒரு நன்னாளில் அந்த ஆசை நிறைவேறுகிறது. எல்லாப் பெருநகரங்களிலும் இத்தகைய விடுதிகள் இருக்கின்றன.

தெருமுனையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் தேநீருக்கு ஆயிரக்கணக்கில் செலவிடுவது வீண் என்பார் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. அங்கே நாம் விலை கொடுப்பது தேயிலைக்கு மட்டுமன்று. அவசரமின்றி அமர்ந்திருக்கும் இரண்டு மணி நேரத்திற்கும் சேர்த்தே. கடன் அட்டையில் கடன் வைக்காமல், மாதந்தோறும் சிறிது சேமித்துச் செல்வோருக்கு அது நல்ல செலவே.

நம் கவலை வேறு. பளபளக்கும் கூடத்தில் நுழைந்ததும் நம்மில் பலருக்குக் கேள்வி கேட்கும் துணிவு போய்விடுகிறது. விலையைக் கேட்டால் இளக்காரமாக எண்ணுவார்களோ என்று தயங்குகிறோம். பில் வந்ததும் இறுதித் தொகையை மட்டும் பார்த்துப் பணம் செலுத்திவிடுகிறோம்.

ஒருவருக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், இருவருக்கு 4,000. அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் விடுதிகளுக்குள் உள்ள உணவகங்களில் ஜிஎஸ்டி பொதுவாக 18 விழுக்காடு. ஆக 4,720 ரூபாய். இது சட்டப்படியான வரி, தவிர்க்க இயலாது. ஆனால் பில்லில் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் சேர்ந்திருந்தால், அதன் மீதும் வரி ஏறித் தொகை 5,192 ஆகிறது. கூடுதல் 472 ரூபாய்.

இந்தச் சேவைக் கட்டணம் வரியன்று. வாடிக்கையாளரைக் கேளாமல் அதனைப் பில்லில் தாமாகவே சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதனை உறுதி செய்தது. நீக்கும்படி பணிவாகக் கேட்கலாம்; மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். பரிமாறியவரின் பணிவிடை மனத்துக்கு நிறைவளித்தால், விரும்பிய தொகையை அவர் கையிலேயே கொடுக்கலாம். அது நம் விருப்பம்.

472 ரூபாய் பெரிதா என்று கேட்கலாம். தொகை சிறிதுதான், பழக்கம் பெரிது. வங்கி மேசையின் இந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் எங்களுக்கு அந்தப் பழக்கம் நன்கு தெரியும். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்திட்டு எழுந்து செல்வோர் அநேகர். கடனுக்கான செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, இந்தக் காப்பீடு கட்டாயமா என்று கேட்போர் சிலரே. கேட்டால் அலுவலர் வருந்துவாரோ என்னும் அதே கூச்சம்தான். வரிசை நீண்டிருக்கும் நாளில் எங்களுக்கும் அந்த மௌனம் வசதியாக இருந்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆகவே அடுத்த நன்னாளில் அந்தத் தேநீரை நிதானமாக அருந்துங்கள். பில் வந்ததும் கண்ணாடியை அணிந்து வரிவரியாகப் படியுங்கள். மறுநாள் வங்கிக்கு வரும்போதும் அந்தக் கண்ணாடியை மறவாமல் எடுத்து வாருங்கள்.