காவலாளியைப் பொறுக்குவது யார்?

பண்ணையார் களத்தில் நெல் அளக்கும்போது மரக்கால் பிடிப்பவன் யார்? பண்ணையாரின் காரியஸ்தன். அளவு குறைந்தால் அவன் வாய் திறப்பானா? மாட்டான். பெரிய கம்பெனிகளின் டைரக்டர் போர்டு விஷயமும் இதுவேதான்.

போர்டின் வேலை என்ன? கம்பெனியை நடத்தும் குடும்பம் அதன் சொத்தைச் சுருட்டிக்கொள்ளாமல் காவல் காப்பது. ஏட்டிலே இப்படி. நடப்பிலே?

ஹைதராபாத் சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனியைப் பாருங்கள். தலைவர் ராமலிங்க ராஜு. மானேஜிங் டைரக்டர் அவர் தம்பி. 2008 கடைசியில் குடும்பத்தின் பங்கு நூற்றுக்குப் பத்துகூட இல்லை. ஆட்சியோ முழுதும் அவர்களுடையது. போர்டில் வெளியாட்கள் இல்லையா? இருந்தார்கள். ஹார்வர்ட் பேராசிரியர் ஒருவர், மத்திய சர்க்காரின் மாஜி காபினெட் செயலாளர் ஒருவர். படிப்புக்கும் பதவிக்கும் குறைவில்லை.

2008 டிசம்பர் 16ந் தேதி, ராஜு குடும்பத்தாரின் பிடியிலிருந்த இரண்டு மேட்டாஸ் கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு சத்யம் வாங்கவேண்டுமென்று தீர்மானம் வந்தது. டைரக்டர்கள் கேள்வி கேட்டார்கள். கடைசியில் ஏகமனதாகச் சம்மதித்தார்கள்! பங்குதாரர்கள் கொதித்தெழுந்த பிறகே, சில மணி நேரத்தில், தீர்மானம் வாபஸாயிற்று. 2009 ஜனவரி 7ந் தேதி ராஜுவே குட்டை உடைத்தார். ரொக்க இருப்பு என்று காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி பொய்! பல வருஷ மோசடி. போர்டு என்ன செய்துகொண்டிருந்தது? சம்பளம் வருமா என்று தவித்தவர்கள் பல்லாயிரம் ஊழியர்களே.

அப்புறம் 2013ல் புதுக் கம்பெனிச் சட்டம் வந்தது. பங்கு மார்க்கெட்டில் உள்ள கம்பெனிகளில் மூன்றிலொரு பங்கு டைரக்டர்கள் சுயேச்சையானவர்களாக இருக்கவேண்டும். உறவுக் கம்பெனியோடு பெரும் பேரம் பேசினால், சம்பந்தப்பட்ட குடும்பம் பங்குதாரர் கூட்டத்தில் அதற்கு ஓட்டுப் போடக்கூடாது. நல்லதே. ஆனால் சுயேச்சை டைரக்டரைத் தேர்ந்தெடுக்கும்போது குடும்பத்தின் ஓட்டும் சேருகிறது! தான் பொறுக்கிய காவலாளியே தன்னைக் காவல் காப்பானாம். யாரை ஏமாற்றுகிறார்கள்?

நாம் கேட்பது இரண்டு. சுயேச்சை டைரக்டர் தேர்தலில் குடும்பத்தின் ஓட்டை விலக்கு! தொழிலாளர் தேர்ந்தெடுத்த பிரதிநிதிக்குப் போர்டில் இடம் கொடு!

இது ஆகாத காரியமா? ஜெர்மனியில் 1976ம் வருஷச் சட்டப்படி, 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனிகளின் மேற்பார்வைப் போர்டில் சரிபாதி இடம் தொழிலாளர் தரப்புக்கு. ஓட்டு சமமானால் தலைவரின் இரண்டாவது ஓட்டு முதலாளி தரப்புக்கே உதவுகிறது. அப்படியும் கணக்கு தொழிலாளி கண்ணில் படுகிறது. அதே 1976ல் நம் அரசியல் சட்டத்தில் 43அ ஷரத்து சேர்ந்தது. நிர்வாகத்தில் தொழிலாளர் பங்குபெற சர்க்கார் வழிசெய்ய வேண்டும் என்கிறது அது. ஏட்டுச் சுரைக்காய் இன்னும் கறிக்கு வரவில்லை.

எத்தனை பேல் பஞ்சு வந்தது, எத்தனை சிப்பம் நூல் போனது என்பது மில் தொழிலாளிக்குத் தெரியும். அவன் முன்னிலையில் பொய்க் கணக்கு எழுதுவது லேசல்ல. ஒவ்வொரு சங்கக் கூட்டத்திலும் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக்குவோம்!